தயவுசெய்து மொடல் எஞ்சினைத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். லண்டனில் இருக்கும் பெரியப்பா அனுப்பிய ஹோர்ன்பி கொம்பனியின் மொடல் ரயில் எஞ்சின். ஆப்பிள் பச்சை நிறத்தில் 4472 இலக்கம், ஃபிளையிங் ஸ்கொட்ஸ்மன் என்ற பேர்போன பிரித்தானிய நீராவி எஞ்சினின் மொடல். "ஊத்தை போகட்டும் எண்டு தின்னர் போட்டுத் துடைச்சன் அண்ணை, எல்லாம் கலங்கிட்டுது" என்றார்.

கலங்கியது பெயின்ற் மட்டும் என்றால் நான் இவ்வளவு வருத்தப்பட மாட்டேன். டெண்டரின், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரி, தண்ணீர்ப் பெட்டியின், பக்கத்தில் 44 மிச்சம் இருந்தது, 72 பச்சைக்குள் கரைந்து சேறாகிப் போயிருந்தது. பொயிலரைச் சுற்றி ஓடிய வெள்ளை, கறுப்பு, வெள்ளைப் பட்டிகள் இருந்த இடமே தெரியவில்லை. அவர் அழுத்திப் பிடித்த இடத்தில் பெருவிரல் ரேகை பிளாஸ்டிக்குக்குள் இறங்கி, அப்படியே இறுகிவிட்டது. அந்த ரேகையை நான் உரஞ்சி எடுக்கலாம். ஆனால் அந்த இடத்தில் இருந்த ரிவெட் தலைகளும் சேர்ந்து போகும்.

திருகோணமலையில் கடைப் பலகை எழுதி, லொறிப் பெட்டிகளுக்குக் கோடு இழுத்து, அந்தக் கைப்பழக்கத்தோடு மொடல் எஞ்சின்களுக்கு வந்தவன் நான். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பியது, ரயில்வேயில் வேலை செய்த ஐயாமார் ஆசையாகச் சேர்த்தது, பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்த காலத்துத் தகர எஞ்சின் என்று பலதும் வரும். வருகிறவற்றில் பாதியாவது பழையதாகிப் பழுதானவை என்றால் பரவாயில்லை. பெரும்பாலும் சுத்தம் செய்யப்போய்க் கெடுத்தவைதான் வருகின்றன.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: தின்னர் என்றால் ஒரு சாமான், பெயின்ற் வேலைக்கு அதுதான் சோப்பு.

அப்படி ஒரு சாமான் கிடையாது. ஹாட்வெயார் கடையில் போய் "தின்னர் ஒரு போத்தல்" என்று கேட்டால் அநேகமாக என்.சி. தின்னரைத் தருவார்கள். அது வாகனத்துக்கும் தளபாடத்துக்கும் அடிக்கும் லாக்கரைக் கரைப்பதற்கு. அதில் டொலுயீன், அசற்றோன் போன்ற கடும் கரைப்பான்கள் இருக்கும். எனாமல் பெயின்ற்றுக்குப் போடுவது வேறு: டேர்பன்டைன் அல்லது வைற் ஸ்பிரிட். அக்ரிலிக்குக்கு அதுவும் வேறு: தண்ணீர், அல்லது அந்தக் கொம்பனியே விற்கும் கரைசல். போத்தல் ஒரே மாதிரி, உள்ளே இருப்பதும் நிறமில்லாத் தண்ணீர் மாதிரி. ஆனால் ஒன்று தொடாத இடத்தை மற்றது உருக்கிவிடும்.

இப்போது விற்கும் மொடல்களின் உடல் பெரும்பாலும் பொலிஸ்ரைரீன் அல்லது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். பிளாஸ்டிக் மொடல் ஒட்டுகிற பசை எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அது இரண்டு துண்டின் விளிம்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. என்.சி. தின்னரில் இருப்பதும் அதே குணமுள்ள திரவம்தான். அதைப் பஞ்சில் நனைத்து எஞ்சினைத் துடைத்தால் ஊத்தையை எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எஞ்சினையே எடுக்கிறோம். கியூட்டெக்ஸ் அழிக்கிற திரவமும் அப்படித்தான், பெரும்பாலானவற்றில் அசற்றோன். "கொஞ்சமாத்தான் போட்டன்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொஞ்சம் போதும். பெற்றோலும் வேண்டாம், அது பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், வீட்டையும் கொளுத்தும்.

சரி, பிளாஸ்டிக் தப்பினாலும் கோடு தப்பாது. தொழிற்சாலையில் அந்தக் கோடுகளும் இலக்கங்களும் சிலிக்கோன் மெத்தையால் ஒற்றி அச்சிடப்பட்டவை. மையின் கனம் அவ்வளவு குறைவு. மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு நாலு தரம் தேய்த்தாலே போய்விடும். உங்கள் எஞ்சின் ஊத்தையாக இருந்தால் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர், பஞ்சுக் குச்சி. மோட்டர் இருக்கிற அடிப்பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு மேலுடலை மட்டும். கடைசி அலசலுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் கூடாது, இங்கே அநேகமாக உவர், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். பற்றரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் ஒரு போத்தல் வாங்குங்கள். அசிற் இல்லை, தண்ணீர், கேட்டு வாங்குங்கள்.

எது எதைக் கரைக்கும் என்று தெரியாததால் கெடுகிற அதே இடத்தில்தான், தெரிந்தால் எங்கள் வேலை நடக்கிறது. கோடு போடுவதை வைத்துச் சொன்னால் விளங்கும். அடிநிறத்தை நான் அக்ரிலிக்கில் அடித்து, பல நாள் இறுக விட்டு, பளபளப்பான மேற்பரப்பாக்குவேன். மங்கல் பரப்பில் பேனா சொரசொரத்து, பெயின்ற் பக்கவாட்டில் கசியும். பிறகு கோட்டை எனாமலில் இழுப்பேன். கை பிசகினால், தட்டைத் தூரிகையை வைற் ஸ்பிரிட்டில் தொட்டு, துணியில் ஒற்றி, அந்தக் கோட்டை மட்டும் துடைத்து எடுக்கலாம். கீழே இருக்கும் இறுகிய அக்ரிலிக் அசையாது. கோட்டுக்கும் அடிநிறத்துக்கும் ஒரே வகைப் பெயின்ற் பாவித்தால் இந்த வசதி இல்லை. கோட்டை அழிக்கப்போய் அடி கிளம்பும்.

பேனா என்று சொன்னது ரூலிங் பேனா. பழைய படவரைஞர்களின் கருவிப் பெட்டியில் இருக்கும்: இரண்டு உருக்கு அலகு, இடைவெளியை மாற்ற ஒரு சின்னத் திருகாணி. பெயின்ற்றுக்குள் அதை முக்கக் கூடாது. தூரிகையால் அலகுகளுக்கு நடுவே ஊட்டி, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, முதலில் கண்ணாடித் துண்டில் இழுத்துப் பார்க்கவேண்டும். பால் மாதிரி ஓடினால் தண்ணிப் பதம், வழியும். விட்டு விட்டு விழுந்தால் தடிப்பு. பதம் சரியென்றால் அலகு பரப்பைத் தொட்டதும் தானே இறங்கும், அழுத்தத் தேவையில்லை. பெட்டிக் கோடு என்றால் மூலை வளைவுகளை முதலில் கவராயப் பேனாவால் போட்டு, அப்புறம் நேர்கோடுகளை அவற்றோடு சேர்க்கவேண்டும். நேர்கோட்டை முதலில் போட்டு வளைவைப் பொருத்தப் போனால் ஒருநாளும் பொருந்தாது.

சில வாடிக்கையாளர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுவந்து "கோடு தடிப்பா இருக்கு" என்கிறார்கள். ஓஓ என்ற மொடல் அளவு என்றால் ஒரு அடி 4 மில்லிமீற்றராகக் குறைகிறது, அதாவது 76இல் ஒரு பங்கு. உண்மையான எஞ்சினில் கால் அங்குலக் கோடு இருந்தால் மொடலில் அது 0.08 மில்லிமீற்றர், ஒரு தலைமயிரின் தடிப்பு. நல்ல பேனா, நல்ல பெயின்ற், நல்ல கை எல்லாம் சேர்ந்தால் 0.2 மில்லிமீற்றரை ஒட்டி வரும். கண்ணுக்கு அது சரியாகவே தெரியும்.

அந்தக் கோடுகள் அழகுக்குப் போட்ட கோலம் மட்டும் இல்லை என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். பழைய பிரித்தானிய ரயில் கொம்பனிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேற் வெஸ்டேர்ன் எஞ்சின் பச்சையில் செம்மஞ்சள், கறுப்பு, செம்மஞ்சள். புகைக்குழாய்க்குச் செம்புத் தொப்பி. எல்.எம்.எஸ். என்றால் கருஞ்சிவப்பில் மஞ்சள் கோடு. 1948 ஜனவரி 1இல் எல்லாம் பிரித்தானிய ரயில்வேயாக ஒன்றான பிறகு, பயணிகள் வண்டியும் சரக்கு வண்டியும் இழுக்கிற கலப்பு வேலை எஞ்சின்களுக்குக் கறுப்பில் சிவப்பு, வெண்ணெய், சாம்பல் கோடு. கோட்டைப் பார்த்தே எந்தக் கொம்பனி, ஏறத்தாழ எந்தக் காலம் என்று சொல்லலாம். அந்த 4472கூட 1923இல் 1472 ஆகப் பிறந்தது, 1924இல் 4472, 1946இல் 103, பிறகு பிரித்தானிய ரயில்வேயில் 60103. ஒவ்வொரு இலக்கத்துக்கும் அதற்குரிய நிறமும் எழுத்தும் உண்டு. கோடும் இலக்கமும் கரைந்த எஞ்சினைத் திரும்ப அடிக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி "எந்த வருஷம்?" என்பதுதான். "பச்சை எண்டா பச்சைதானே அண்ணை, கையிலே இருக்கிறதை அடியுங்கோ" என்று பதில் வந்தால் அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரித்தானிய ஓஓ மொடலை வாங்கி, எங்கள் சி.ஜி.ஆர்., அதாவது இலங்கை அரசாங்க ரயில்வே, எஞ்சினாக மாற்றித் தரச் சொல்லி வருகிறார்கள். ஆசை நல்லது, எனக்கும் பிடித்த வேலை. ஆனால் எங்கள் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 5 அடி 6 அங்குலம். ஓஓ அளவில் அது 22 மில்லிமீற்றர். கடை மொடலின் சக்கரம் 16.5 மில்லிமீற்றரில் நிற்கும். பெயின்ற்றால் அதை மறைக்க முடியாது. செய்வதென்றால் அடிச்சட்டத்திலிருந்து செய்யவேண்டும்.

ஸ்பிரே அடிக்கிறவர்களுக்கு. பழைய எனாமலுக்கு மேல் வாகன லாக்கர் ஸ்பிரேயை அடிக்காதீர்கள், கீழே இருப்பது சுருங்கி நெளியும். லாக்கருக்கு மேல் எனாமல் அடிக்கலாம், மறுபக்கம் ஆகாது. ஐப்பசி தொடங்கித் தை வரை மழை நாட்களில் லாக்கர் அடிக்கவே வேண்டாம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு எஞ்சின் பால் வெள்ளையாகப் பூத்துவிடும். கச்சான் அடிக்கிற மாதங்களில் மத்தியான வெயிலில் அடித்தால் பெயின்ற் போய்ச் சேருமுன்பே காய்ந்து மணல் மாதிரி ஒட்டும், தூசி வேறு. காலையில், பனி விலகிய பிறகு, காற்று எழும்ப முன் அடியுங்கள். பித்தளை மொடல் என்றால் ஈயம் பிடிக்கப் பூசிய பிளக்ஸை முழுதாகக் கழுவி, அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையும் கடற்காற்றின் உப்பும் பெயின்ற்றுக்குக் கீழே இருந்து பச்சையாகக் கிளம்பும்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கோடு போட்டு முடித்த எஞ்சினை "ஷைன் வரட்டும்" என்று வாகனம் அடிக்கிற இடத்தில் கொடுத்து ரூ-கே கிளியர், அதாவது இறுக்கி கலந்து அடிக்கிற நிறமில்லாத மினுக்கப் பூச்சு, அடித்துக்கொண்டு வருகிறார்கள். அதன் கடும் கரைப்பான் என் எனாமல் கோட்டைத் தூக்கிவிடும், அது ஒரு பக்கம். இப்போது அதே ரூ-கே டின்னை வாங்கி, வீட்டு அறையில், பிள்ளை பக்கத்தில் இருக்க, முகத்தில் துணி கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். அதன் இறுக்கியில் ஐசோசயனேற் இருக்கிறது. அது நுரையீரலைக் கூருணர்வாக்கி ஆஸ்துமாவைக் கொடுக்கும். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவே மூச்சுத் திணற வைக்கப் போதும். துணியும், தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வெளிக்காற்று குழாயால் வரும் முகமூடி இல்லாமல் அதை அடிக்கக் கூடாது. மொடலுக்கு அது தேவையே இல்லை. அக்ரிலிக் வார்னிஷ், அரை மினுக்கம், மெல்லிசாக இரண்டு பூச்சு போதும். தண்ணீர் கலந்த அக்ரிலிக்கையும் யன்னலைத் திறந்துவைத்தே அடியுங்கள்.

தாத்தா காலத்துத் தகர எஞ்சின்களை உரஞ்சாதீர்கள். அந்தக் கால மஞ்சளிலும் சிவப்பிலும் பச்சையிலும் ஈயம் இருப்பது சாதாரணம்; குரோம் மஞ்சள் என்பதே ஈயக் குரோமேற்று. உலர உரஞ்சினால் தூசி நிலத்தில் படியும், தவழ்கிற பிள்ளையின் கைக்குப் போகும், கையிலிருந்து வாய்க்குப் போகும். அதைவிட, அசல் பெயின்ற் உதிர்ந்திருந்தாலும் அதுதான் அந்த எஞ்சினின் பெறுமதி. சேர்ப்பவர்கள் கீறல் விழுந்த அசலுக்குக் கொடுக்கிற விலையைப் பளபளக்கும் மறுபூச்சுக்குக் கொடுக்க மாட்டார்கள். பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பதற்கென்று என்னிடம் கொண்டுவந்தால், புதியது ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஏற்கெனவே தின்னர் பட்டுவிட்டதா? உடனே கையை எடுங்கள். துடைக்காதீர்கள், ஊதாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இளகிய பிளாஸ்டிக்கில் நீங்கள் செய்கிற ஒவ்வொன்றும் பதியும். எதிலும் முட்டாமல் காற்றோட்டமான இடத்தில் வைத்து, ஒரு வாரமாவது அப்படியே விடுங்கள். முழுதாக இறுகிய பிறகு கெட்ட பக்கத்தையும் கெடாத பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் கிட்டவைத்துப் படம் எடுங்கள். கெடாத பக்கத்தில் இருக்கும் கோட்டை அளந்துதான் மற்றப் பக்கத்தைப் போடவேண்டும், அதனால் அந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். துவாயில் சுற்றாதீர்கள், நூல் ஒட்டும். சக்கரத்தில் நிற்கிற மாதிரி ஒரு பெட்டியில் வைத்து, என்ன போட்டீர்களோ அந்தப் போத்தலையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.