சான்றிதழ்ப் பிழை வந்தால் சோதனையை நிறுத்திவிடாதீர்கள்

இலங்கையில் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர் கையில் ஆண்ட்ராய்டு போன். காரியாலயத்தில் விண்டோஸ் கணினி, சம்பளக் கணக்கு ஓடுவது ஜாவாவில். வலைச்சேவை இருப்பதோ தொலைவில் ஒரு லினக்ஸ் சேவையகத்தில். எல்லாம் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பு வழியாக ஒன்றோடொன்று பேச வேண்டும்.

சேவையகம் தான் யார் என்று காட்டும் சான்றிதழைச் செயலி சோதித்த பிறகுதான் பேச்சு தொடங்கும். சோதனையில் தேறாவிட்டால் 'சான்றிதழை நம்ப முடியவில்லை' என்று பிழை வரும். உடனே, எந்தச் சான்றிதழ் வந்தாலும் ஏற்றுக்கொள் என்று நாலு வரி நிரலை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பிழை போய்விடும். அப்புறம் அந்த நாலு வரியை யாரும் எடுப்பதில்லை. மற்றவர்கள் எழுதிய செயலிகளைத் திருத்தப் போகும்போதெல்லாம் இதைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் கவலையாக இருக்கிறது.

அந்த நிரல் இருக்கும்வரை தரவு பூட்டப்பட்டுத்தான் போகும், ஆனால் யாரிடம் போகிறது என்று செயலிக்குத் தெரியாது. போலி வைஃபை ஒன்றை நடுவில் வைத்திருப்பவர் தன் சான்றிதழைக் காட்டினாலும் போதும், எல்லாவற்றையும் படிக்கலாம், மாற்றலாம். போகிறது என்ன? கொழுந்து பறித்த அக்காவின் பெயர், அடையாள அட்டை எண், சேமலாப நிதி எண், அன்றைய கிலோ. 18 கிலோ கேட்கிற தோட்டத்தில் 18 என்பது 14 ஆனால் அவருடைய முழுப் பேர் (முழுநாள் சம்பளம்) அரைப் பேராகிவிடும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் இது செய்யக்கூடாத வேலை.

"பிரவுசரில் நன்றாகத் திறக்கிறதே, செயலியில் மட்டும் ஏன் பிழை?" என்று கேட்பார்கள். பிரவுசரில் திறப்பது எதற்கும் சாட்சி இல்லை. யாரை நம்பலாம் என்ற பட்டியலை விண்டோஸ் தனியாக வைத்திருக்கிறது, ஆண்ட்ராய்டு தனியாக, ஜாவா தன்னுடைய கேசர்ட்ஸ் கோப்பில் தனியாக. அதிலும் நான் அதிகம் காண்பது, இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டுப் போவது. கணக்கப்பிள்ளையின் கையெழுத்தைத் துரையின் கையெழுத்து உறுதிப்படுத்துவதுபோல, சேவையகத்தின் சான்றிதழை இடைநிலைச் சான்றிதழும், அதை நம்பும் பட்டியலில் இருக்கும் மூலச் சான்றிதழும் உறுதிப்படுத்துகின்றன. சேவையகம் முதல் இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒன்றை மட்டும் அனுப்பினால், விண்டோஸில் குரோம் விடுபட்டதைத் தானே தேடி இறக்கிக்கொள்ளும். ஜாவாவும் ஆண்ட்ராய்டு செயலியும் வழக்கமாக அப்படித் தேடுவதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால் சேவையகத்தோடு இணைந்து, எத்தனை சான்றிதழ்கள் வருகின்றன என்று பாருங்கள். ஒன்றுதான் வந்தால் கோளாறு சேவையகத்தில். முழுச் சங்கிலிக் கோப்பை அங்கே போட்டால் சரி, செயலியில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

பழைய போன்களின் கதை வேறு. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தியவற்றில் இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழ் கிடையாது. அவற்றுக்காக வைத்திருந்த மாற்று வழியும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. போனை மாற்ற வசதியில்லை என்றால் அந்த மூலச் சான்றிதழைச் செயலிக்குள்ளேயே சேர்த்து வையுங்கள். நம்பும் பட்டியலில் ஒருவரைக் கூட்டுவதுதான் அது, சோதனை அப்படியே நடக்கும். எச்டிடிபிஎஸ் தரவைப் பூட்டும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர்; அதன் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் கைவிடப்பட்டவை. ஜாவா 7 போன்ற பழைய தளங்களில் 1.2 இருந்தும் தானாக இயங்காது, நிரலில் இயக்கிவிட வேண்டும். பற்றரி தீர்ந்து போனின் திகதி பின்னால் போயிருந்தாலும் சான்றிதழ் செல்லாது என்றே வரும், ஆகவே முதலில் திகதியைப் பாருங்கள்.

இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். சேவையகத்தின் சான்றிதழையே செயலிக்குள் பதித்து, அதை மட்டும் நம்பச் சொல்வது சிலருடைய வழக்கம். பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது: 2026 மார்ச் 15 முதல் கூடியது 200 நாள், 2029இல் 47 நாள். சான்றிதழோடு அதற்குரிய மறையாக்கச் சாவியும் மாறினால், பதித்து வைத்த போன் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். அது சம்பளக் கணக்கு முடிக்கிற நாளாகவும் இருக்கலாம். புதுப்பித்தலைச் சேவையகத்தில் தானியங்கியாக்கி, செயலியை மூலச் சான்றிதழை நம்பும்படி விடுங்கள்.