பழைய மை பேனால செத்துப்போறது ரப்பர் மட்டும்தான்

ஆன்லைன் ஏலத்துல பழைய ஃபவுண்டன் பேனா தேடுறவங்க கண்ணுல அடிக்கடி படுற வரி ஒண்ணு இருக்கு, "வேலை செய்யுதான்னு தெரியல, இருக்கிறபடியே விக்கிறோம்"னு. நிறைய பேர் அதைப் பார்த்ததும் அடுத்த பேனாவுக்குப் போயிடுவாங்க. நான் அங்கதான் நிப்பேன், ஏன்னா 1920, 30கள்ல செஞ்ச லிவர் பேனா எழுதலைன்னா பெரும்பாலும் காரணம் உள்ள இருக்கிற ரப்பர் பைதான், அதை மாத்துறது அந்தப் பேனாவுக்குச் செய்யுற வேலையிலேயே சுலபமான வேலை.

லிவர் பேனான்னா பேரல், அதாவது பேனாவோட உடம்புக் குழாய், பக்கவாட்டுல ஒரு சின்ன உலோகக் குச்சி இருக்குமே, அது. வால்டர் ஷீஃபர் 1908ல பேடண்ட் வாங்கினது. நிப்பை மைக்குள்ள முக்கிக் குச்சியைத் தூக்கினா உள்ள ஒரு தகடு ரப்பர் பையை அமுக்கும், காத்து வெளிய போகும், குச்சியை விட்டா பை பழைய உருவத்துக்குத் திரும்பும், திரும்பும்போது மையை உறிஞ்சிக்கும். அவ்வளவுதான் மொத்த மெக்கானிசமும். எல்லாமே அந்தப் பை திரும்ப விரியுறதை நம்பித்தான் இருக்கு. ரப்பரோட நீளமான மூலக்கூறுகளை கந்தகம் அங்கங்க முடிச்சு போட்டுப் பிடிச்சிருக்கிறதால அது விரியுது, வருஷக்கணக்கா ஆக்ஸிஜன் பட்டுப்பட்டு முடிச்சுகள் அளவுக்கு மேல கூடிடுது, பை கல்லு மாதிரி இறுகிப்போய் கடைசியில துண்டு துண்டா உடைஞ்சு பேரலுக்குள்ள கிடக்கும். பேனாவை ஆட்டினா கடகடன்னு சத்தம் வர்றது அதான். லிவர் நகரமாட்டேங்குதுன்னா அதுக்கும் பெரும்பாலும் இதே காரணம்தான், இறுகின பை தகடை நகர விடாது. அதை பலம் போட்டுத் தூக்கினா லிவர் வளையும், இல்ல பேரலே விரிசல் விடும், அதனால தூக்கவே கூடாது.

ரப்பர் சாகுது சரி, மத்தது ஏன் சாகலைங்கிறதுக்கு பேனா எப்படி எழுதுதுன்னு பார்க்கணும். நிப்பு நடுவுல ஒரு கோடு வெட்டியிருக்கும், அதுக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கிற கறுப்புக் கட்டைதான் ஃபீட், அதுலயும் மெல்லிய பள்ளங்கள் இருக்கும். குறுகலான இடத்துல திரவம் தானா ஏறும், இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில சுத்தமான ரெண்டு கண்ணாடித் தகடை நிறுத்தி வச்சா தண்ணி ஏறக்குறைய 14 சென்டிமீட்டருக்கு மேல ஏறிடும். மைக்கு பரப்பு இழுவிசை தண்ணியை விடக் கம்மி, அதனால அவ்வளவு ஏறாது, ஆனா நிப்பு நுனிக்கு வர அது தாராளம். சிக்கல் என்னன்னா மை வெளிய போகப் போக உள்ள காத்தழுத்தம் குறையும், குறைஞ்சா மை நின்னுடும், அப்போ மை இறங்குற அதே கட்டை வழியா காத்து மேல ஏறவும் வேணும். லூயிஸ் வாட்டர்மேன் 1884ல பேடண்ட் வாங்கின ஃபீட் இதைத்தான் சாதிச்சுது, ஒரு பள்ளமும் அதோட அடியில இன்னும் மெல்லிய கீறல்களும், மை கீறல்ல இறங்கும், காத்து பள்ளத்துல ஏறும். இதுல தேயுறதுக்கு அசையுற பாகமே கிடையாது. மை காஞ்சு அடைச்சிருக்கலாம், அடைப்பை எடுத்தா மறுபடி அன்னைக்கு எழுதின மாதிரியே எழுதும்.

நிப்பு பெரும்பாலும் 14 காரட் தங்கம், அதாவது 58.5 சதவீதம். பகட்டுக்காகத் தங்கம் போடல, அந்தக் காலத்து இரும்பு மை, அதாவது இரும்பு உப்பு கலந்த மை, அமிலத்தன்மை உள்ளது, சாதா எஃகை அரிச்சிடும், தங்கத்தை ஒண்ணும் பண்ணாது. ஆனா தங்கம் மெத்து, காகிதத்துல தேய்ஞ்சிடும், அதனால நுனியில ஆஸ்மியம், ருத்தேனியம், இரிடியம் மாதிரி கடினமான உலோகக் கலவையில ஒரு குட்டி உருண்டையை ஒட்டி, நடுவுல வெட்டி ரெண்டாக்குவாங்க. இந்த உருண்டைதான் பேனாவோட உயிர். பை போனா மாத்திடலாம், லிவர் போனா வேற பேனாவுலேருந்து எடுத்துப் போடலாம், நுனி தேய்ஞ்சு போயிருந்தா புதுசா வெல்டிங் பண்ண தனியா ஆள் தேடணும், அது பல நேரம் பேனா விலையையே தாண்டிடும். அதனால ஏலத்துல முதல்ல நிப்பு நுனி போட்டோவைத்தான் பார்க்கணும். மேலேருந்து எடுத்ததும் பக்கவாட்டுல எடுத்ததும் ரெண்டும் வேணும், இல்லன்னா விக்கிறவங்ககிட்ட கேளுங்க, நல்ல விற்பனையாளர் அனுப்புவாங்க. ரெண்டு பல்லும், அதாவது கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற நிப்போட பாதிகள், சம உயரத்துல இருக்கா, உருண்டை ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கா, ஒரு பக்கம் தட்டையா சாஞ்சு தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க. பல்லு மேல் நோக்கி விரிஞ்சு நிரந்தரமா வளைஞ்சிருந்தா யாரோ அது பழையபடி திரும்பி வர்ற எல்லையைத் தாண்டி அழுத்தியிருக்காங்கன்னு அர்த்தம், அதை நேராக்குறது கைதேர்ந்தவங்க வேலை.

அடுத்து உடம்பு. பேனா எந்தப் பொருள்ல செஞ்சதுன்னு போட்டோவுலயே ஓரளவு பிடிச்சிடலாம். கறுப்பா இருக்க வேண்டியது ஆலிவ் கலந்த பழுப்பா வெளுத்திருந்தா அது எபோனைட். ரப்பர்ல 30 சதவீதம் வரைக்கும் கந்தகம் சேர்த்து இறுக்கினது, வெளிச்சமும் ஈரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தா மேற்பரப்புல இருக்கிற கந்தகம் கந்தக அமிலம் வரைக்கும் போயிடும், நிறம் மாறும். பச்சை, நீலம், முத்துச்சிப்பி மினுமினுப்புன்னு கலர் கலரா இருந்தா பெரும்பாலும் செல்லுலாய்ட். ஒரே செல்லுலாய்ட் பேனாவுல மூடி பளிச்சுன்னு பச்சையா இருக்கும், பேரல் மட்டும் தேன் கலர்ல மங்கியிருக்கும், வேற வேற பேனாவைச் சேர்த்துட்டாங்களோன்னு சந்தேகம் வரும். அப்படி இல்ல. பேரலுக்குள்ளதான ரப்பர் பை இருந்துச்சு, அதுலேருந்து கசியுற கந்தக வாயு உள்ளேருந்தே நிறத்தைக் கெடுத்திருக்கு. இதைத் திருப்ப முடியாது, விலை போடும்போது கழிச்சுக்கணும்.

மூடியோட வாய்ப்பக்கம் முடி மாதிரி மெல்லிய விரிசல் இருக்கான்னு பெரிசு பண்ணிப் பாருங்க. ரொம்பப் பளபளன்னு இருந்தா எனக்கு சந்தோஷத்தை விட சந்தேகம்தான் வரும், மெஷின்ல போட்டுத் தேய்ச்சிருந்தா பேரல்ல பொறிச்ச கம்பெனி பேரு மழுங்கியிருக்கும், அந்த எழுத்து ஒருமுறை போனா போனதுதான். நிப்புல இருக்கிற பேரும் பேரல்ல இருக்கிற பேரும் பொருந்துதான்னும் பாருங்க.

விலை போடுறதுலயும் ஒரு சயின்ஸ் இருக்கு. ஈபே மாதிரி ஏலத்துல நீங்க அதிகபட்சமா எவ்வளவு தருவீங்கன்னு ஒரு தொகையைக் குடுத்துட்டா சிஸ்டம் உங்களுக்காகப் படிப்படியா ஏத்தும், ஜெயிச்சா நீங்க கட்டுறது உங்க அதிகபட்சம் இல்ல, ரெண்டாவது ஆளோட தொகைக்கு மேல ஒரு படிதான். வில்லியம் விக்ரி 1961ல எழுதிக் காட்டினது இதுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம், யார் தொகையும் மத்தவங்களுக்குத் தெரியாம, ஜெயிச்சவர் ரெண்டாவது ஆளோட விலையைக் கட்டுற மூடின ஏலத்துல உண்மையா மனசுல இருக்கிற மதிப்பைப் போடுறதுதான் சரியான வழி, கூட்டியும் போட வேணாம் குறைச்சும் போட வேணாம்னு. 1996ல அவருக்குப் பொருளாதார நோபல் கிடைச்சுது. ஆனா நிஜத்துல எதிராளி தன்னை யாரோ முந்திட்டதைப் பார்த்துட்டு சூடாகி மேல மேல போவாங்க, அதனாலதான் அனுபவசாலிங்க கடைசி சில நொடியில ஒரே ஒரு தடவை போடுறாங்க. தொகையை முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, அதுல தபால் செலவு, வரி, புது பை, தேவைப்பட்டா நிப்பு வேலை எல்லாம் கழிச்சுட்டு முடிவு பண்ணுங்க. பலர் மதிப்பு போடுற இடத்துல ஜெயிக்கிறவர் பெரும்பாலும் அதிகமா தப்புக்கணக்கு போட்டவராத்தான் இருப்பார்னு பொருளாதாரத்துல சொல்றது பழைய பேனாவுக்கு அப்படியே பொருந்தும்.

பேனா வந்தாச்சு, இப்போ திறக்கணும். இங்கதான் நிறைய பேனா சாகுது, ஏன்னா ஒரு பொருளுக்கு மருந்தா இருக்கிறது பக்கத்துல இருக்கிற இன்னொண்ணுக்கு விஷம். நிப்பைப் பிடிச்சிருக்கிற கழுத்துப் பகுதி பேரலுக்குள்ள இறுக்கமா சொருகியிருக்கும், சிலதுல அரக்கு போட்டு ஒட்டியிருப்பாங்க. அரக்கு சூட்டுல இளகும், அதனால ஹேர் டிரையர்ல மெதுவா சுத்திச் சுத்திச் சூடு காட்டணும். ஆனா செல்லுலாய்ட்ங்கிறது நைட்ரிக் அமிலத்தோட வினை புரிஞ்ச செல்லுலோஸ்ல கற்பூரம் கலந்தது, அதிக சூட்டுல வளையும், நெருப்பு பட்டா குப்புன்னு பத்திக்கும். தீக்குச்சி, மெழுகுவர்த்தி, லைட்டர் எதுவும் கிட்டயே வரக்கூடாது. 60 டிகிரியைத் தாண்டாம பார்த்துக்கணும், விரல்ல பிடிக்க முடியாத சூடுன்னா செல்லுலாய்டுக்கும் அது அதிகம்தான். சூடு காட்டி, ரப்பர் துண்டால பிடிச்சு, லேசா ஆட்டி ஆட்டி, வரலையா, விட்டுட்டு நாளைக்கு மறுபடி பாருங்க. அவசரப்பட்டா பேரல் வாய் கிழியும்.

தண்ணியும் இப்படித்தான். காஞ்ச மைக்கு தண்ணியை விட நல்ல மருந்து இல்ல, ஆனா எபோனைட்டை ஊறப்போட்டா பழுப்பேறும், சுடுதண்ணின்னா இன்னும் சீக்கிரம். கான்வே ஸ்டூவர்ட் மாதிரி சில பழைய பேனால வர்ற கேசீன் பால் புரதத்துல செஞ்சது, தண்ணியில ஊதிப்போயிடும். அதனால முழு பேனாவையும் முக்காம நிப்பு மட்டும் முங்குற அளவு ஆறின தண்ணி போதும், பல தடவை மாத்தி மாத்தி. விடாப்பிடியான மைக்கு ஒரு பங்கு வீட்டு அம்மோனியாவை பத்து பங்கு தண்ணியில கலந்து ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு நிப்பையும் ஃபீடையும் அலசலாம். இரும்பு மை கறைக்கு வைட்டமின் சி கரைசல் வேலை செய்யும், கரையாத இரும்பை அது கரையுற வடிவத்துக்கு மாத்திடுது. ஆல்கஹால் பக்கம் மட்டும் போகாதீங்க, அரக்கைக் கரைக்கிற அதே ஆல்கஹால் செல்லுலாய்டையும் கரைச்சிடும்.

பழைய பை துண்டுகளைச் சுரண்டி எடுத்துட்டு புதுசு மாட்டணும். பை அளவு அங்குலத்துல 64ல ஒரு பங்கு கணக்கு, 16ம் நம்பர்னா விட்டம் 16/64 அங்குலம், அதாவது கால் அங்குலம். பேரல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைச்சே வெட்டுங்க, அடி முட்டினா பை மடங்கும். கழுத்தோட பின்பக்கக் குழாய்ல அரக்கு தடவி பையை ஏத்தி ஒரு ராத்திரி காய விட்டு, மேல டால்க் பவுடர் பூசினா தகடு உராயாம வழுக்கும். சூப்பர் க்ளூ வேணவே வேணாம். அரக்கை இன்னும் பல வருஷம் கழிச்சும் ஒருத்தர் சூடு காட்டிக் கழட்ட முடியும், சூப்பர் க்ளூவை உடைச்சுத்தான் எடுக்கணும், பேனா நமக்கு அப்புறமும் யார்கிட்டயாவது போகும்ல. வெளிர் நிற, கண்ணாடி மாதிரி பேனாவுக்கு ரப்பருக்குப் பதில் சிலிகான் பை போடுங்க, கந்தக வாயு வராது.

எல்லா பழைய பேனாவும் இவ்வளவு சுலபம் இல்ல. 1933ல வந்த பார்க்கர் வாக்குமேட்டிக்ல டயாஃப்ரம், அதாவது மையை உறிஞ்ச அசையுற ரப்பர் சவ்வு, மாத்த தனி கருவி வேணும். 1929ல பெலிகான் கொண்டு வந்த பிஸ்டன் பேனால ஆரம்பத்துல கார்க் அடைப்பான், காஞ்சு சுருங்கியிருக்கும். 1948 பார்க்கர் 51 ஏரோமெட்ரிக் மட்டும் தனி ரகம், அதோட பை பிளாஸ்டிக், பல பேனால அதே பை இன்னைக்கும் மை உறிஞ்சுது, கழுவினாலே போதும். முதல் பேனாவா அதையோ ஒரு சாதா லிவர் பேனாவையோதான் நான் சொல்வேன்.

கடைசியா மை. சாதா சாயத்துல செஞ்ச ஃபவுண்டன் பேனா மை போதும், இந்தியன் இங்க் ஊத்தினீங்கன்னா அதுல இருக்கிற பிசின் ஃபீட்லயே காஞ்சு ஒட்டிக்கும். மை ரொப்பி எழுதும்போது சொட்டு விழுந்தா எப்போ விழுதுன்னு கவனிங்க. மை தீர்ற நேரத்துல மட்டும் விழுந்தா அது உள்ள இருக்கிற காத்து கைச்சூட்டுல விரியுறது, 10 டிகிரி ஏறினா 1 மில்லி காத்து 0.03 மில்லிக்கு மேல விரியும், அந்த அளவு மை வெளிய வந்தாகணும், மறுபடி ரொப்பினா நின்னுடும். நிறைய மை இருக்கும்போதே விழுந்தா பையில ஓட்டை, இல்லன்னா அரக்கு ஒட்டுல காத்து புகுது, கழட்டி மறுபடி ஒட்டுங்க.