செயப்பாட்டுவினை: அந்தப் "பாடு" ஆர் பட்ட பாடு?

முன்வீட்டுப் பிள்ளை ஓ.எல். தமிழ்ப் புத்தகத்தோட வந்து, "மாமா, செயப்பாட்டுவினை எண்டா பாசிவ் வொய்ஸ்தானே?" எண்டு கேட்டுது. ஓம், அதுதான், ஆனா சொல்லை உடைச்சுப் பாத்தா இன்னும் வடிவா விளங்கும்.

செய, பாடு. கெடு கேடு ஆனமாதிரி படு எண்டது பாடு ஆகும். அம்மம்மா "நான் பட்ட பாடு நாயும் படாது" எண்டு சொல்லுவாவே, அதே பாடுதான். எங்கட மேல வந்து விழுறதைத் தாங்குறது படுறது, காஞ்சு செத்த பாலையையும் பட்ட மரம் எண்டுதான் சொல்லுறம். பகிடி என்னெண்டா பாசிவ் எண்ட சொல்லும் துன்பப்படுறதைக் குறிக்கிற லத்தீன் சொல்லிலயிருந்து வந்ததுதான், ஆஸ்பத்திரியில சொல்லுற பேஷன்ட்டுக்கும் அதே வேர்.

புத்தகத்தில "சோறு என்னால் உண்ணப்பட்டது" எண்டு கிடக்கும். எந்த வீட்டில அப்பிடிக் கதைக்கினம்? பேச்சில படு நிண்டுபிடிச்சது கூடுதலா நோவுற இடங்களிலதான்: அடிபட்டான், பிடிபட்டான், வெட்டுப்பட்டுது. நல்லது கிடைச்சா எழுத்தில பெறு வரும், "விருது வழங்கப்பெற்றது" எண்டு (வழங்கப்பட்டது எண்டாலும் பிழையில்லை). வேற வழியும் இருக்கு, "இந்தமுறை சம்பா நல்லா விக்குது" எண்டுறம், சம்பாவோ விக்குது, ஆக்களெல்லோ விக்கினம்! செயப்படுபொருளையே (செய்யிற வேலை எதில போய் விழுதோ அதை) செய்த ஆள்மாதிரிச் சொல்லுறது வழக்குத்தான் எண்டு தொல்காப்பியமே விட்டிருக்கு, அதுக்கு உரைகாரர் காட்டுறது "திண்ணை மெழுகிற்று".

ஆனா எல்லா வினையும் செயப்பாட்டுக்கு வராது, செயப்படுபொருள் வேணும். வா, போ எண்டதுகளுக்கு அது இல்லை, "போகப்பட்டான்" எண்டு ஒரு சொல்லே கிடையாது.

இஞ்சதான் எங்கட ஊர்க் கதை வருது. என்ன ஆனவை எண்டு தெரியாத ஆக்களைத் தேடவெண்டு இலங்கையில 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த அலுவலகத்தின்ர பேரில "காணாமற்போன ஆட்கள்" எண்டு இருக்கு. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 பெப்ரவரி 20இல தங்கட பிள்ளையள் எங்க எண்டு கேட்டுப் போராடக் குந்தின அம்மாக்கள் சொல்லுறது "காணாமல் ஆக்கப்பட்டோர்". போனவர் எண்டா தானாப் போனவர், அந்த வசனத்துக்குள்ள "ஆரால?" எண்ட கேள்வியை ஏத்தவே ஏலாது. போ எண்டதைச் செயப்பாட்டுக்குக் கொண்டுவர வழியில்லாததால ஆகு எண்டதை ஆக்கு எண்டு பிறவினையாக்கி (தானா ஆகாம இன்னொராள் ஆகவைக்கிறது), பிறகு படு சேர்த்து, ஆக்கப்பட்டோர். இப்ப, "என்னால்" எண்டதில செய்த ஆளைக் காட்டுற அந்த "ஆல்" நிக்கவேண்டிய இடம் வெறுமையாக் கிடக்குது, ஆனா கிடக்குது.

பிள்ளை கொப்பியில எழுதிப்போட்டு நிமிந்து, "மாமா, ஆல் போட்டு ஆளை எழுதாட்டி மார்க்ஸ் வெட்டுவினமோ?" எண்டு கேட்டுது.

இல்லை, இலக்கணப்படி விடலாம் எண்டன்.