ஆலோசனைக் கட்டணம் யாருக்குப் போகிறது?

உள்தணிக்கைக்குப் போனால் நான் முதலில் கேட்பது முகவர் கமிஷன், ஆலோசனைக் கட்டணம் ஆகிய இரண்டு கணக்குகளைத்தான். லஞ்சம் தன் சொந்தப் பெயரில் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

நம் சிங்கப்பூரில் எண்ணெய் தோண்டும் மேடைகள் கட்டிவந்த கெப்பல் ஆஃப்ஷோர் அண்ட் மரின் நிறுவனத்தின் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலில் பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்தின் ஒப்பந்தங்களைப் பிடிக்க 2001 முதல் 2014 வரை சுமார் 55 மில்லியன் அமெரிக்க டாலர் லஞ்சமாகப் போனது. முகவருடன் ஆலோசனை ஒப்பந்தம் போட்டு, அதன்பேரில் பணம் அனுப்பினார்கள். தாளில் பார்த்தால் எல்லாம் முறைதான். அந்தப் பணம் அவர் வழியே பெட்ரோபிராஸ் அதிகாரிகளுக்கும், அப்போது அங்கே ஆட்சியிலிருந்த கட்சிக்கும் போய்ச் சேர்ந்தது. பெட்ரோபிராஸ் அரசின் பிடியிலுள்ள நிறுவனம். கமிஷன் கொடுப்பவர் அதை ஒப்பந்த விலையில் ஏற்றாமலா இருப்பார்? ஆக, பொதுச்சொத்திலிருந்து கசிந்த பணம் ஆளுங்கட்சியின் கைக்கே வந்திருக்கிறது. அந்தக் கட்சியைச் சேர்ந்த பிரேசில் அதிபர் டில்மா ரூசெஃப் 2016இல் பதவியிழந்தார். அவர்மீதான குற்றச்சாட்டு பட்ஜெட் கணக்கு பற்றியது என்றாலும், தெருவில் திரண்ட கோபத்தில் பெட்ரோபிராஸ் ஊழலுக்குப் பெரும் பங்கு உண்டு.

2017 டிசம்பரில் அமெரிக்கா, பிரேசில், சிங்கப்பூர் மூன்றுக்குமாக 422 மில்லியன் டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2023 ஜனவரியில் சிங்கப்பூரின் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு ஆறு முன்னாள் உயர் நிர்வாகிகளுக்குக் கடும் எச்சரிக்கை கொடுத்தது, அவ்வளவுதான். முக்கிய சாட்சிகள் வெளிநாட்டில் இருப்பதாலும் ஆதாரம் போதாததாலும் வழக்குப் போடவில்லை என்றார்கள். சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் கொள்கலன் ஏற்றி இறக்க 1 வெள்ளி போன்ற சிறு தொகைகளை லஞ்சமாக வாங்கிய ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள்மீது 2018இல் இதே ஊரில் வழக்குப் பாய்ந்தது. எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது.

தனியார் நிறுவனம்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியர், தனியார் என்று பார்ப்பதில்லை: 100,000 வெள்ளி வரை அபராதம், பொதுவாக 5 ஆண்டு வரை சிறை. சிங்கப்பூர்க் குடிமக்கள் வெளிநாட்டில் லஞ்சம் கொடுத்தாலும் வாங்கினாலும் அது பொருந்தும்.

கொள்முதல், கணக்குப் பிரிவுகளில் இருப்பவர்களுக்கு ஒன்று. முகவரின் பில் வந்தால், அவர் செய்த வேலைக்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டணம் ஏன் ஒப்பந்த மதிப்பில் சதவீதமாக இருக்கிறது, பணம் ஏன் மூன்றாம் நாட்டுக் கணக்குக்குப் போகிறது என்றும் கேளுங்கள். “மேலே பேசிட்டாங்க” என்பது பதிலல்ல. கையெழுத்துப் போடாமல் அந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். அப்புறமும் அழுத்தம் வந்தால் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவிடம் போகலாம். தகவல் தருபவரின் அடையாளத்தைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு பாதுகாக்கிறது.