மேட்டுக்குள் ஒரு துருப் பூட்டு

டென்மார்க்கின் யூட்லாந்தில், மோல்ஸ் குன்றுகளில் 127 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றின் உச்சியில் மூன்று மண்மேடுகள் இருக்கின்றன. இடத்தின் பெயரே ட்ரேஹோய், அதாவது மூன்று மேடுகள். வெண்கலக் காலத்துப் புதைமேடுகள் இவை. சுற்றிலும் ஹெதர் புதரும் புல்லும். உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் மண்குவியல்தான். பொழுது சாயும் நேரத்தில் போனால் நிழல் நீண்டு விழுந்து, மேட்டின் வடிவம் முழுசாகப் பிடிபடும்.

யூட்லாந்தின் இப்படிப்பட்ட மேடுகள் பல, மண்ணை அள்ளிக் கொட்டிக் குவித்தவை அல்ல. புல்லையும் வேரையும் மண்ணோடு பாளம் பாளமாக வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கினார்கள். 20 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் உயரமும் உள்ள மேட்டுக்குச் சுமார் 485 கனமீட்டர் மண் வேண்டும். பாளம் 10 செ.மீ. கனம் என்றால், ஏறக்குறைய 1.2 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தின் தோலையே உரித்தாக வேண்டும். ஒரு பிணத்துக்காக!

அந்தப் புல்தான் பின்னால் வேலை செய்கிறது. ஈரமான பாளங்களுக்குள் சிக்கிய புல்லை நுண்ணுயிரிகள் மக்கச் செய்யும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு நீரில் கரையும். கரைந்த இரும்பு வெளிப்பக்கம் நகர்ந்து, காற்றுள்ள மண்ணைத் தொட்டதும் துருவாகப் படியும். போர் தண்ணீர் குழாயில் தெளிவாக வந்து, வாளியில் நின்றதும் மஞ்சளாகிறதே, அதே வேதியியல். காலப்போக்கில் மேட்டின் நடுப்பகுதியைச் சுற்றி, மேலும் கீழும், கெட்டியான இரும்பு ஓடு உருவாகிறது. உள்ளே நீர் வடியாது, காற்றும் புகாது.

1921இல் எக்ட்வெத் என்ற இடத்தில் ஒரு மேட்டைத் தோண்டியபோது கிடைத்த ஓக் மரப் பெட்டி இப்படிக் காக்கப்பட்டதுதான். அந்த மரம் வெட்டப்பட்டது கி.மு. 1370இல் என்று ஆண்டு வளையங்கள் காட்டுகின்றன. உள்ளே 16 முதல் 18 வயதுப் பெண். கம்பளிச் சட்டை, கயிற்றுப் பாவாடை, தலைமுடி, நகம், பல் எல்லாம் இருந்தன. அவளுடைய எலும்பு மட்டும் இல்லை. உள்ளிருக்கும் நீர் அமிலத்தன்மை கொண்டது. எலும்பின் சுண்ணச்சத்தை அது கரைத்துவிடும். கம்பளியும் முடியும் நகமும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை என்பதால் தாக்குப்பிடிக்கும். இதே நீரில் தாவர நார் நூல் நிலைக்காது. ஆகவே இத்தகைய கல்லறையில் நார்த்துணி கிடைக்காததை வைத்து, அவர்கள் அதை உடுத்தவேயில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஓட்டில் ஓர் ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. பழைய மேடுகள் பலவற்றின் உச்சியில் தெரியும் பள்ளம், புதையல் தேடியவர்கள் விட்டுப்போனது. அவர்கள் எடுத்துப்போன வெண்கலத்தைவிட, திறந்துவிட்ட காற்று செய்த சேதம் பெரியது: நீர் வடிந்து, ஆக்சிஜன் புகுந்து, பெட்டியும் துணியும் மக்கிவிடும்.

டென்மார்க்கில் இம்மேடுகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. மேட்டைச் சுற்றி 2 மீட்டருக்குள் உழக் கூடாது. உலோகம் கண்டறியும் கருவியையும் கொண்டு தேடக் கூடாது. ஏறுவதானால் ஏற்கெனவே தேய்ந்த தடத்திலேயே ஏறுங்கள். சரிவில் புதுத்தடம் விழுந்தால் ஹெதர் பெயர்ந்து, அடுத்த மழையே மண்ணை அரிக்கத் தொடங்கும். அந்தப் புதரிடையே ஆடுமாடு மேய்வதைப் பார்த்தால் விரட்ட வேண்டாம்: மேய்ச்சல் நின்றால் மரம் முளைக்கும், அதன் வேர் மேட்டுக்குள் இறங்கும்.