மாலை வகுப்பில் ஒதுங்கி உட்காரும் பிள்ளைக்கு உதவி எங்கே கிடைக்கும்?

இல்லம் தேடிக் கல்வி மையம் நடக்கும் ஊர்களில், பிள்ளையிடம் ஏற்படும் மாற்றம் பெரும்பாலும் தன்னார்வலர் கண்ணில்தான் முதலில் படுகிறது. நேற்றுவரை ஓயாமல் கதை பேசிய பெண் இன்று சுவரோரம் ஒதுங்குகிறாள். சொன்ன பாடத்தை உடனே பிடித்துக்கொண்ட பையன் நோட்டைத் திறக்க மறுக்கிறான். ஆனால் தன்னார்வலர் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குப் பாடம் சொல்லித் தரும் உள்ளூர்ப் பெண். மனநல ஆலோசகர் அல்லர். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம் இது. மனநலச் சிகிச்சைக்கு வேறு வாசலைத்தான் தட்ட வேண்டும்.

அந்த வாசலில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தாய் மகனை அழைத்துக்கொண்டு நான்கு முறை பஸ் ஏறினார். முதல் முறை, மருத்துவர் வரும் நாள் அதுவல்ல என்றார்கள். இரண்டாம் முறை பள்ளியிலிருந்து கடிதம் கேட்டார்கள். மூன்றாம் முறை வருமானச் சான்று. நான்காம் முறை போனபோது ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி போனது. ஐந்தாம் முறை அவர் போகவில்லை.

அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க வருமானச் சான்றும் வேண்டாம், பள்ளிக் கடிதமும் வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 18 இதை உரிமையாகவே தருகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம். குழந்தைகளை நெடுந்தூரம் அலையவிடக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. யாராவது சான்று கேட்டால், "எந்த விதிப்படி கேட்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். எழுதித் தர முன்வருபவர்கள் குறைவு.

கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அதை அறியாமல் போய்த் திரும்பியவர்களே அதிகம். போகும் நாளில் காலையிலேயே வரிசையில் நில்லுங்கள்.

பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவை நம்பிக் காத்திருக்காதீர்கள். அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. அன்று பிள்ளை விடுப்பில் இருந்தால் அடுத்த ஆண்டுதான். தனியார் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பரிசோதனையில் சேர்வதே இல்லை. அந்தக் குழு பார்த்து மேல்சிகிச்சைக்கு எழுதினால், சீட்டைக் கையில் வாங்குங்கள். "நாங்கள் அனுப்பிவிடுகிறோம்" என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். மாவட்டத் தலைநகரில் இருக்கும் டி.இ.ஐ.சி. எனப்படும் சிறார் மையத்தில் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை அங்கே பார்க்கிறார்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் வலிக்கிறது. எழுத்தைக் கோத்துப் படிக்க முடியாத பிள்ளையை "மக்கு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவமானத்தில் அது சுருங்கிப்போகிறது. அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். தேர்வு நெருங்கியபின் ஓடினால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலில் தேதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குப் போகக் கூலி விட முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் தொலைபேசி மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தாயும் பேசலாம், தன்னார்வலரும் பேசலாம், பிள்ளையே பேசலாம். பிள்ளை செத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு முறை சொன்னாலும் அடுத்த கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் அன்றே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வீட்டிலோ வெளியிலோ யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவது தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

மருந்து எழுதிக் கொடுத்தால், அது தீர ஒரு வாரம் இருக்கும்போதே மறுபடி வாங்கப் போங்கள். இருப்பு இல்லை என்று சொன்னாலும் இடையில் நின்றுபோகாமல் இன்னொரு முறை போக நாள் இருக்கும்.