கழிவுநீர்க் கசடில் இருக்கும் பாஸ்பரஸ்: ஜெர்மனியின் விதி என்ன சொல்கிறது?

1669-ல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். தங்கம் வரவில்லை, இருட்டில் மினுங்கும் பாஸ்பரஸ் வந்தது. அதே ஜெர்மனியில் இப்போது கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் கசடிலிருந்து பாஸ்பரஸை எடுத்தே தீர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கசடு விதி அது. ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் கழிவைத் தாங்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2029 முதல் இந்தக் கடமை. ஐம்பதாயிரத்துக்கு மேல் என்றால் 2032 முதல். (தொழிற்சாலைக் கழிவும் இதே தலைக்கணக்கில்தான் வரும்.) வீட்டில் இருப்பவர்கள் எதுவும் செய்ய வேண்டாம், பொறுப்பு நிலையத்தை நடத்துபவருடையது.

எல்லாக் கசடும் இதில் சேராது. உலர்ந்த கசடு ஒரு கிலோவில் குறைந்தது 20 கிராம் பாஸ்பரஸ் இருக்க வேண்டும். கசடிலிருந்தே நேரடியாகப் பிரித்தால் பாதியாவது எடுக்க வேண்டும், இல்லையென்றால் மிச்சம் 20 கிராமுக்குக் கீழே இறங்க வேண்டும். எரித்த சாம்பலிலிருந்து என்றால் 80 சதவீதம்.

சரி, கசடை அப்படியே வயலில் கொட்டினால் உரமாகாதா? ஆகும், பல காலம் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் பாஸ்பரஸோடு கன உலோகங்களும் மருந்து மிச்சங்களும் மண்ணுக்குப் போய்விடும். எரித்தால் மருந்துகள் அழிந்துவிடும், பாஸ்பரஸ் சாம்பலிலேயே தங்கும். அந்தச் சாம்பலை அமிலத்தில் கரைக்கும்போது உலோகங்களைப் பிரித்துவிடலாம். இன்னொரு காரணம் இறக்குமதி. உரத்துக்கான பாஸ்பேட் பாறை ஐரோப்பாவில் சொற்பம். 2014-லேயே ஐரோப்பிய ஒன்றியம் அதை நெருக்கடிக்குரிய மூலப்பொருட்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியது ஏரிக்குப் போனால் பாசி படரும், பாசி மக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும்.

இந்தப் பாஸ்பரஸை நிலையத்து ஊழியர்கள் முன்பே கண்ணால் பார்த்தவர்கள்தான். மக்னீசியம், அம்மோனியத்தோடு சேர்ந்து அது ஸ்ட்ரூவைட் என்ற வெள்ளைப் படிகமாகக் குழாய்க்குள் கல் மாதிரி இறுகிவிடும், இடித்துத்தான் எடுக்க வேண்டும். பெர்லினில் அந்தப் படிகத்தைத் தொட்டியிலேயே உருவாக்கி உரமாக விற்கிறார்கள். ஆனால் மொத்தத்தில் சிறு பங்குதான் இந்த வழியில் கிடைக்கும், பெரும்பங்கு சாம்பலில்தான்.

எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. மீட்கும் ஆலை தயாராகவில்லை என்றால், அனுமதி பெற்று, வேறு கழிவோடு கலக்காமல் சாம்பலைத் தனியாகச் சேமித்து வைக்கலாம். பின்னால் தோண்டி எடுக்கும்படி இருந்தால் போதும்.